கம்பளிப்பூச்சி தட்டிய துண்டு

பெருமாயியின் கழுத்தில் மிளகுக்கொடியிலிருந்து விழுந்த கம்பளிப்பூச்சியைக் கணவன் சென்றாயன் தன் துண்டால் தட்டிவிட்டு நான்கு நாளாகிறது. தடிப்பு மட்டும் அடங்குவேனா என்கிறது. காலையில் களிம்பு தடவினால் தணியும். மிளகு மூட்டை சுமந்து வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி தீயாய் எரியும். சொறிந்து சொறிந்து கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

மலையிலிருந்து சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கிவந்து காட்டியபோது நர்ஸ் கேட்டாள்: "பூச்சிய எதுல தட்டுனீங்க? அதோட சுணை முடியெல்லாம் அதுலதான் ஒட்டியிருக்கும். மொதல்ல அத வெந்நீர்ல அலசுங்க."

பெருமாயி மெல்லத் திரும்பினாள். தினமும் மூட்டை தூக்கும்போது பிடரியில் முனை தொங்க அவள் தலைக்குச் சும்மாடு சுற்றிவிடும் அதே துண்டால், பக்கத்தில் நின்று பரிவோடு விசிறிக்கொண்டிருந்தான் சென்றாயன்.

"போதுமுங்க," என்றாள்.