அண்ணி பரப்பிய மொழிக்காய்ச்சல்

பேக்கரிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை தனக்குத் தெரியாத ஒரு மொழியில் கண்விழித்தார். மாவு பொங்கிவிட்டதா என்று மனைவியிடம் கேட்டார், அவ்வளவுதான்; அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்றதும், ஏதோ வாயுக்கோளாறு என்று விட்டுவிட்டாள். மத்தியானத்துக்குள் அவருக்குப் பழைய பேச்சு திரும்பியது, ஆனால் புது மொழியும் வாயைவிட்டுப் போகவில்லை. எங்கிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்க டாக்டர் தேவைப்படவில்லை. தினமும் முதல் ஆளாக ரொட்டி வாங்க வந்து, யாருக்கும் புரியாவிட்டாலும் ஒரு பாட்டம் பேசித் தீர்த்துவிட்டுப் போகிற சலவைக்கூடத்து அண்ணியின் மொழி அது.

அவள் சின்னவளின் அண்ணி. சின்னவள் அண்ணிக்கு முன்பே அந்த நகரத்துக்குக் கடல் கடந்து வீட்டுவேலைக்கு வந்தவள். முதலாளி மாடிப்படியில் அவள் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உதறினாள், அவர் உருண்டு விழுந்து செத்துப்போனார். கோர்ட்டில் அவளுக்கு விளங்காத மொழியில் கேள்வி கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவள் ஊரில் அப்படித் தலையாட்டினால் ‘காதில் விழுகிறது’ என்று அர்த்தம். இங்கே ‘ஆமாம், செய்தேன்’ என்று அர்த்தம். தூக்கு என்று தீர்ப்பானது. அதற்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத்தான் ஜெயிலுக்குப் போனாள்.

ஒரு தையல் மிஷின் விவகாரத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் சேதி வந்து புருஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, “உங்க தங்கச்சிகூட நான் இன்னும் சண்டையை முடிக்கல. அதுக்குள்ள அவளை யாரும் தூக்குல போட்டுட முடியாது,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள்.

ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை கிடைத்தது. ஆவியில் முகம் வெந்து சிவந்திருக்கும்; வாய் மட்டும் ஓயாது. விடுமுறை நாட்களில் கோர்ட் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று சின்னவளின் கதையைச் சொல்வாள். ஜனங்கள் வளைந்து ஒதுங்கிப் போனார்கள். ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இளைத்துப்போயிருந்த சின்னவள் ஒருநாள், “ஒரு தடவை, ஒரே தடவை, எனக்குப் புரியுற மாதிரி யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணி,” என்றாள். அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பேக்கரிக்காரருக்குப் பிறகு ரொட்டி வரிசையில் நின்றவர்களுக்கும், அவர்களிடமிருந்து அந்தத் தெருவுக்கும் தொற்றியது. பஸ் கண்டக்டர் நிறுத்தங்களை அந்த மொழியில் கூவினார். யாரும் தவறி இறங்கவில்லை. மாமியார்களும் மருமகள்களும் அதில் சண்டை போட்டுப் பார்த்து, திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் இருப்பதாகச் சொன்னார்கள். அரசாங்கம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கும்படி அறிவித்தது. கொப்பளித்தவர்களுக்கு உச்சரிப்பு சுத்தமானது. இதில் ஒரே சங்கடம், மொழி புரிந்தபின் அண்ணி சொல்வதும் புரிந்தது. காது கேளாததுபோல் கடந்து போக முடியவில்லை. மொழிக்காய்ச்சல் கண்ட ஒரு வக்கீலம்மா கைக்குழந்தையோடு ஸ்டூல் அருகே நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, “இந்த கேஸை நான் எடுத்துக்கறேன் அண்ணி,” என்றாள். அடுத்த விடுமுறைக்குள் கோர்ட் வாசலில் ஸ்டூல் போட இடமில்லாதபடி கூட்டம்.

பெரிய நீதிபதி மட்டும் பிடிகொடுக்கவில்லை. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, வீட்டில் யாரோடும் பேசாமல், கண்ணாடி ஏற்றிய காரில் வந்து போனார். வக்கீலம்மா போட்ட மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டு ஓய்வு பெறுவதாக இருந்தார். தீர்ப்பு நாளன்று தொண்டையைச் செருமி வாய் திறந்தார். வந்தது சின்னவளின் மொழி. அவரே திடுக்கிட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். இன்னும் சரளமாக வந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், “ஏம்மா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டுவிட்டார்.

சின்னவள் இந்தத் தடவை தலையாட்டவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டையும், இழுத்த கையையும், தான் உதறியதையும் சொன்னாள். நீதிபதி பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். முடிந்தபோது, “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்றார்.

“யாரு கேட்டீங்க ஐயா?” என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த பஞ்சை மேஜைமேல் வைத்தார். விடுதலை என்பதற்கு அந்த மொழியில் இருக்கிற சின்னச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். வெளியே வந்த நாத்தனாரை அண்ணி கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மூச்சு திரும்பியதும், தலையில எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு என்று திட்டத் தொடங்கினாள். அந்தத் திட்டு புரிந்து, கூட்டம் முழுவதும் கைதட்டியது.

ஊருக்குத் திரும்பும் பேச்சு அதோடு நின்றுபோனது, ஏனென்றால் ஜெயிலில் வேறு நாட்டுப் பெண்களும் இருந்தார்கள். அண்ணியும் சின்னவளும் அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மறுவாரம் யாராவது ஒருவர் புது மொழியில் கண்விழிப்பார். ஒருத்தி மீன்வலை பின்னுகிறவள், இன்னொருத்தி தன் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளை வளர்க்க வந்தவள். ஒவ்வொருத்திக்காகவும் நகரம் ஒரு மொழி கற்று, கேட்டு, தெருவில் இறங்கியது. தூக்குப் போடுகிறவர், தனக்கு எல்லா மொழியும் வந்துவிட்டபின், இந்த வேலை தனக்கு இனி சரிப்படாது என்று சைக்கிள் பழுதுபார்க்கப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வராததால், சட்டசபையில் பெரிய சொற்பொழிவு எதுவும் இல்லாமலே தூக்குச் சட்டம் எடுக்கப்பட்டது. இவ்வளவுக்கும் உள்ளூர் மொழி அண்ணிக்குக் கடைசிவரை தொற்றவே இல்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

போன மாதம் பெட்டியும் கையுமாக ஒரு பெண் வந்து இறங்கினாள். நாற்சந்தியில் திகைத்து நின்று, அந்த நகரம் அதுவரை கேட்டேயிராத ஒரு மொழியில் போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் ஒரு தும்மல் தும்மிவிட்டு, அவள் மொழியிலேயே வழி சொல்லி, வேலைவீட்டில் ஏதாவது தொந்தரவென்றால் உடனே வந்து சொல்லும்படி சேர்த்துச் சொல்லி, விசில் ஊதி அவளுக்காக லாரிகளை நிறுத்தினார். அவள் சாலையைக் கடந்து போனாள்.