விசாலாக்ஷி கேட்ட அளவு

காலையில் புடவை கட்டி முடிப்பதற்குள் விசாலாக்ஷிக்கு வேர்த்துவிடும். உள்பாடியின் இடது பக்கத்தில் கைக்குட்டைகளை மடித்து வைத்து, ஊக்கு குத்தி, கண்ணாடியில் பார்த்து, சரியில்லையென்று எடுத்து மறுபடி மடிப்பாள். மாதுங்கா ஸ்டேஷனில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறி நெரிபட்டால் போதும், துணி மேலே ஏறிக்கொள்ளும். ஆபீஸ் போய்ச் சேரும்வரை கைப்பையை மார்போடு அணைத்து, தோளைக் குறுக்கியபடி நிற்பாள். புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

நோய் போய்விட்டது; அதற்காகத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். ஆனாலும் யார் முன்னாலும் பயமில்லாமல் குனிய வேண்டும், கையைத் தூக்கிக் கூந்தலை முடிய வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. செயற்கையாக மார்பு வைக்கிறார்களாம் என்று ஒருநாள் கணவர் பஞ்சுவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"உயிர் பொழைச்சு வந்ததே பெரிசு, விசாலம். இந்த வயசுல இனிமே யாருக்குக் காட்டப்போற?"

கோபமில்லாமல், பிரியமாகத்தான் கேட்டார். அதனாலேயே அவளுக்கு அதிகம் வலித்தது.

செம்பூரில் டாக்டர் சாயிராவிடம் தனியாகவே போனாள். டாக்டர் அவள் மார்பின் அகலத்தை அளந்து, சின்னதும் பெரியதுமாக மாதிரிகளை மேஜையில் பரப்பினார். இடது பக்கத் தோலை முதலில் மெல்ல மெல்ல விரித்துவிட்டு, வலது பக்கத்துக்கு ஈடாக ஒன்று வைக்கலாம். ஆசைப்பட்டால் வலதிலும் சிறிதாக ஒன்று வைத்து இரண்டையுமே பெரிதாக்கலாம் என்றார். உடம்பின் அகலமும் தோலின் வலுவும் ஓர் எல்லை வரைதான் இடம் கொடுக்கும், அதற்குள் உங்கள் விருப்பம் என்றார். விருப்பம் என்ற சொல்லை அவளிடம் யாரும் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. பள்ளி நாளில் தட்டை மார்புக்காக 'பலகை' என்று கேலி செய்யப்பட்டவள் அவள். கை தானாகப் பெரியதன் பக்கம் போனது. டாக்டர் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஈடான அரிசியை மெல்லிய துணிப்பையில் கட்டி, வீட்டில் அணிந்து, வேலையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னார்.

முதலில் பெரிய அளவைத்தான் இரண்டு பக்கமும் கட்டிப் பார்த்தாள். கண்ணாடிக்கு முன் திரும்பித் திரும்பி நின்றாள். வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் காய்கறிப் பையோடு மாடி ஏறியபோது பட்டை தோளை அறுத்தது, கழுத்து கடுத்தது. அன்று முழுவதும் நினைப்பெல்லாம் அதன் மேலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இடது பக்கம் மட்டும், வலதுக்கு ஈடான பையை வைத்துக்கொண்டாள். பால்கனியில் துணி உலர்த்தியபடி எதிர்வீட்டுக்காரியோடு தண்ணீர் வராத கதையைப் பேசிச் சிரித்தாள். பேச்சு முடிந்த பிறகுதான் உடம்பின் நினைப்பே வந்தது. அதுவரை அதை மறந்தே போயிருந்தாள். இந்த மறதிக்காகத்தான் இத்தனை நாள் ஏங்கியிருக்கிறோம் என்று தோன்றியதும், கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். கண் நிறைந்தது.

கூடத்திலிருந்து பஞ்சு பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் நிமிர்ந்து நின்று அவர் பார்த்ததில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, அரிசிப் பையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

சாயங்காலம் விக்ரோலியிலிருந்து அவர் தங்கை வந்தனா வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், இந்த வயசில் மன்னிக்கு இப்படியொரு ஆசையா என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். விசாலாக்ஷி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக எழுந்தாள்.

"போன வருஷம் நேக்கு முன்பல் விழுந்தது," என்றார் பஞ்சு. "மறுநாளே பல் கட்டிக்க டாக்டர்கிட்ட ஓடினேன். இந்த வயசுல யாருக்குக் காட்டப்போறேன்னு நீ கேக்கலை வந்தனா, ஒருத்தரும் கேக்கலை. ஆனா இவகிட்ட நானே கேட்டேன்."

வந்தனாவின் சிரிப்பு நின்றது.

"உயிர் இருந்தாப் போறும்னு பொம்மனாட்டிகள்கிட்ட மட்டுந்தான் சொல்றோம். அது தப்பு. வியாதியைத் தாண்டி வந்தவளுக்கு ஆசைப்படவும் உரிமை இருக்கு. உடம்பு அவளோடது. வேணுமா, வேண்டாமா, எவ்வளவு வேணும்னு அவதான் சொல்லணும். கூட நிக்கறதுதான் நம்ம வேலை."

விசாலாக்ஷி உள்ளே போகவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"முன்னே இருந்த அளவே போறும்," என்றாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன். நீங்களும் வாங்கோ."