சிவப்புக் கழுத்து

அது அலகைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. நுனியில் ஒட்டியிருப்பது சேறாக இருந்தால் கரைந்திருக்க வேண்டும், கரையவில்லை. மறுபடியும் முக்கி, தலையை உதறியது. கண்ணாடிக்கடைக்காரர் தொலைநோக்கியில் கண்ணைப் பதித்து நின்றார். கடலோரச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகளின் நடுவே, அவற்றின் அளவிலேயே, சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்று. அலகின் நுனி மட்டும் அகன்று கரண்டிபோல் இருந்தது. கரண்டிமூக்கு உள்ளானேதான். வசந்தத்தில் வடக்கே குஞ்சு பொரிக்கப் போகும் வழியில் எப்போதாவது இந்தக் கரையில் இறங்கும் என்று சொல்வார்களே தவிர, பார்த்தவர் யாரும் இல்லை. கேமராவுக்காகப் பைக்குள் கையை விட்டார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து தொலைத்தது. கூட்டம் மொத்தமும் எழும்பி, ஒரு சுற்று சுற்றி, கடல் பக்கம் போய்விட்டது.

மனைவி காரில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எங்கே பறவை பார்க்கப் போனாலும் கூட வருவாள், காரை விட்டு மட்டும் இறங்கமாட்டாள். அவளுக்குக் காக்கையைத் தவிர எல்லாம் குருவிதான்.

"வந்துடுச்சு. கரண்டிமூக்கு. கண்ணால பாத்தேன்," என்றார். "கழுத்துல சிவப்பே இல்ல, தெரியுமா. குஞ்சு பொரிக்கிற காலத்துக்கு இன்னும் இறகு மாறல. முழுக்கச் சாம்பல். ஆனா அந்த மூக்கு இருக்கே..."

"முதல்ல தண்ணி குடிங்க," என்று பாட்டிலை நீட்டினாள். அவர் குடித்தார். பிறகு அத்தனையையும் திரும்ப ஒருமுறை சொன்னார். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவர் ஏன் இப்படிப் பதறினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே கரையில் இதே பறவையைப் பார்த்துவிட்டதாக ஊரையே கூட்டினார். பறவைக் குழுவில் இருந்த அத்தனை பேரும் போட்டது போட்டபடி வந்தார்கள். எல்லார் கண் முன்னாலும் அந்தப் பறவை தண்ணீரில் அலகை விட்டு ஆட்டியது. நுனியில் ஒட்டியிருந்த சேற்றுருண்டை கழன்று விழுந்தது. சாதாரணக் கொசு உள்ளான். மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'சேறு'. "சேறு அண்ணே, கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, ஒண்ணு எடுத்து மாட்டிக்கக் கூடாதா?" என்று கூட்டத்திலேயே ஒருவன் கேட்டான். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். வேறென்ன செய்வது? ஆனால் அதற்குப் பிறகு கடையில் லென்ஸைப் பொருத்தும்போதும் கை தயங்கியது. சரியாகப் பொருத்தியதையே கழற்றித் திரும்பப் பொருத்துவார். தன் கண்ணையே நம்பாதவன் ஊருக்குக் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறோமே என்று பல நாள் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறார். இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பார்த்தார் என்று நாலு பேர் நம்ப வேண்டும்.

குழுவை நடத்துபவர் மருந்துக்கடைக்காரர், வயதில் இளையவர். போனில் பேசியபோதே பெருமூச்சு விட்டார். இருந்தாலும் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். அதற்குள் கடல் உள்வாங்கி, பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குச் சிதறியிருந்தன. தேடித் தேடி எல்லாருக்கும் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

"படம் இல்லேன்னா இன்னொரு ஆளாவது பாத்திருக்கணும். ஒருத்தர் பாத்ததைக் கணக்குல சேக்க மாட்டோம், உங்களுக்குத் தெரியாததா அண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்போதுதான் கார்க் கதவு திறந்தது. வாழ்நாளில் இறங்காத மனைவி, செருப்பு சேற்றில் புதையப் புதைய நடந்து வந்தாள்.

"நானும் பாத்தேன்," என்றாள்.

காலையில் அவள் காரை விட்டு இறங்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது.

"அப்படியா அண்ணி? எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

"சின்னதா. மூக்கு கரண்டி மாதிரி. கழுத்தும் நெஞ்சும் நல்லா செக்கச்செவேல்னு."

ஒருவன் தொலைநோக்கியின் மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான். அரைமணி நேரமாகக் கண்ணாடிக்கடைக்காரர் 'சிவப்பே இல்லை, முழுக்கச் சாம்பல்' என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பறவைப் புத்தகத்துப் படத்தில்தான் அது சிவந்த கழுத்தோடு இருக்கும்.

"சரிங்க அண்ணி," என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக. கிண்டலில்லை, கோபமில்லை. நோயாளி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்போல கண்ணாடிக்கடைக்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வண்டிகள் போன பிறகு, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள்.

"கழுத்து சிவப்புன்னு ஏன் சொன்னே?"

"புக்குல அப்படித்தானே போட்டிருக்கு. நீங்க மறுபடி எதையோ பாத்துட்டுச் சாம்பல்னு சொல்றீங்களேன்னு பயமாப் போச்சு. அதான் சரியா சொல்லிடலாம்னு..."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. குழு நம்பாததுகூடப் பெரிதில்லை. காரில் மூச்சு வாங்க வாங்க இரண்டு தடவை சொன்னாரே, தலையாட்டினாளே, அந்தத் தலையாட்டலில் ஒன்றுமே இல்லை. இத்தனை காலமும் கூடவே வந்தது துணைக்கு அல்ல, காவலுக்கு. விழப்போகிறவன் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நடப்பதுபோல நடந்திருக்கிறாள். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. பாசத்தில் செய்தது. அலகின் நுனி கரைந்ததா, கரையவில்லையா? காலையில் பார்த்ததை மனதில் கொண்டுவரப் பார்த்தார். சாம்பல் முதுகு வந்தது. அலகு வந்தது. நுனி மட்டும் ஒருதரம் அகன்றும் ஒருதரம் ஒல்லியாகவும் வந்தது.

"என்னங்க," என்றாள் அவள், சமாதானமாக. "அதோ பாருங்க. அதுதானே?"

பத்தடி தள்ளி, தேங்கிய நீரில் ஒரு கொசு உள்ளான். ஊசிபோன்ற கறுத்த அலகு. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"ஆமா," என்றார். "அதேதான்."

அவள் முகம் மலர்ந்தது. அவர் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கையில் பிடித்துத் தன் கண்ணுக்கு இழுத்தாள். வாரைக் கழற்ற அவளுக்குத் தோன்றவில்லை, அவரும் கழற்றவில்லை. இழுத்த இழுப்புக்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்தபடி, அவள் ஆசைதீரப் பார்த்து முடிக்கும்வரை, சேற்றைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.