பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஓட்டு

எனக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் கோயில் பங்கில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். சலோமி டீச்சர் என்றால் பிரம்பு ஞாபகம் வருகிறது என்கிறவர்களுக்கு வாய்ப்பாடும் சேர்ந்தே ஞாபகம் வரும், அது போதும் எனக்கு. ஆனால் எழுபத்தெட்டாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் எங்கள் மாதா கோயிலில் நடந்த ஓட்டெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடும். அப்படி ஒரு காரியத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

போலகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் ஒன்று, தெரு இரண்டு. மேலத்தெருவில் நாங்கள், கீழத்தெருவில் அவர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். அது ஜென்மப் பாவத்தைக் கழுவியதே தவிர சாதியைக் கழுவவில்லை. செத்த பிறகும் அதே கதைதான். கோயிலுக்கென்று ஒரு சாவு வண்டி இருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்த நாலு சக்கரத் தள்ளுவண்டி, நாலு மூலையிலும் மரத்தில் செய்த தேவதூதர்கள், எங்கள் பேச்சில் சம்மனசுகள். மேலத்தெருப் பிணம் அதில் ஏறிப் பெரிய வாசல் வழியாகக் கோயிலுக்குள் வரும். கீழத்தெருப் பிணத்துக்குப் பாடையும் பக்கவாசலும்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த வண்டியைத் தள்ளுகிறவரே கீழத்தெரு மரியசெல்வம்தான். கோயில் மணியும் அவர்தான் அடிப்பார். சக்கரத்துக்கு எண்ணெய் விடுவது, சம்மனசுகளின் உடைந்த இறக்கையை ஒட்டுவது எல்லாம் அவர் வேலை. என் அப்பாவையும் அம்மாவையும் குலுங்காமல் கல்லறை வரைக்கும் கொண்டுபோனவர் அவர். அந்த வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டு, டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் மனைவி இருதயமேரி பங்குச் சாமியாரிடம் வந்து நின்றாள். நான் அப்போது சாமியார் வீட்டில்தான் ஞானோபதேச வகுப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

"அந்த வண்டிய இருவத்தஞ்சு வருசமா தள்ளியிருக்காரு சாமி. ஒரு தடவ அதுல படுத்துப் போவணும்னு கேக்குறாரு. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

செல்வநாதன் சாமியார் எங்கள் பங்குக்கு வந்து எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. வண்டிக் கொட்டகையின் சாவி வழக்கப்படி கோயில் நாட்டாமையிடம் இருக்கும். நாட்டாமை வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன் மைக்கேல்ராஜ். சாவியை வாங்கிக் கொடுங்கள், உத்தரவு போடுங்கள் என்று நான் சாமியாரிடம் குதித்தேன். அவர் கேட்கவில்லை. தான் ஒரு உத்தரவு போட்டால் அடுத்து வருகிற சாமியார் இன்னொரு உத்தரவு போடுவார், பங்கு மக்களே முடிவு செய்தால் யாராலும் மாற்ற முடியாது என்றார். போன வருஷம்தான் நாடு முழுக்க ஓட்டுப் போட்டு டில்லியில் ஆட்சியையே மாற்றியிருக்கிறது, ஒரு வண்டியின் பூட்டைத் திறக்க ஓட்டுப் போடக் கூடாதா என்று கேட்டார். இருபத்தொரு வயது நிறைந்த எல்லாருக்கும் ஓட்டு. இரண்டு தெருவுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும்.

அதுவரை எங்கள் கோயிலில் முடிவு என்றால் மேலத்தெரு ஆண்கள் பதினெட்டுப் பேர் கை தூக்குவது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் இதைச் சொன்னதும் கோயிலே சந்தைக்கடை ஆகிவிட்டது. அண்ணன் எழுந்தார். அவருக்கு வேதம் தலைகீழ்ப் பாடம்.

"கூட்டத்தக் கேட்டுத்தான் பிலாத்து கள்ளன் பரபாச விட்டுட்டு ஏசுவ சிலுவையில அறஞ்சான். இங்கயும் கூட்டத்தக் கேக்கப் போறீங்களா சாமி?"

சாமியார் பதறவில்லை.

"பிலாத்து கூட்டத்தக் கத்தச் சொன்னான், மைக்கேல்ராஜ். பக்கத்துல நிக்கிறவன் கத்துனான்னு இவனும் கத்துனான். ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு, உன் மனசாட்சி என்ன சொல்லுதுன்னு கேட்டிருந்தா?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். தனியாகக் கேட்பதற்கு எங்கள் கோயிலில் இருந்த ஒரே இடம் பாவசங்கீர்த்தனத் தொட்டி. பாவம் சொல்கிறவர் முழந்தாளிடும் பக்கம் ஒரு திரை, ஒரு சின்னப் பலகை. அங்கேயே ஓட்டுப் போடலாம் என்று சாமியார் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம் சொல்கிற இடத்தில் அரசியலா என்று சண்டைக்குப் போனேன். அந்தத் திரைக்குப் பின்னால் சொன்னது வெளியே போகாது என்று இந்த ஜனங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், வேறு எந்த இடத்தை இவர்கள் அப்படி நம்புவார்கள் என்று கேட்டார். நான் சீட்டுத் தயாரிக்கப் போனேன். ஓட்டுக்கு அதிகாரி நான்தான்.

எழுத்து தெரியாதவர்களுக்காகச் சீட்டில் இரண்டு படம் போட்டேன். வண்டிப் படம் என்றால் வண்டி எல்லாருக்கும். பூட்டுப் படம் என்றால் பழைய வழக்கம். வேண்டியதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி. பெயரோ வேறு அடையாளமோ இருந்தால் செல்லாது. ஓட்டுச் சமமாக வந்தால் அடுத்த ஞாயிறு மறுபடியும் எடுப்பது. இந்த விதிகளை எழுதிக் கோயில் கதவில் ஒட்டியதும் நான்தான்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு வரிசை நின்றது. பழக்கதோஷம் யாரை விட்டது? திரைக்குள் போனவர்களில் பாதிப் பேர் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி உள்ளே போய் "போன பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு மாசம் ஆச்சு சாமி" என்று ஆரம்பித்துவிட்டாள். உள்ளே யாரும் இல்லை, பென்சில்தான் இருக்கிறது என்று நான் வெளியிலிருந்து சத்தம் போட வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்று சொல்வேன். கீழத்தெருப் பெண்கள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர்கள் முகத்தில் இருந்ததை நற்கருணை வாங்கித் திரும்பும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்பம் எல்லாருக்கும் ஒரே அளவு, சீட்டும் ஒரே அளவு. இது எனக்கு நாற்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் புரிந்தது.

மரியசெல்வத்தால் எழுந்து வர முடியவில்லை. இருதயமேரி மட்டும் வந்து போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பீடத்துக்கு முன்னால் மேசை போட்டு எல்லார் கண்ணெதிரிலும் எண்ணினேன். வண்டிக்கு எழுபத்தொன்று. பூட்டுக்கு எழுபத்தொன்று. கையில் மிச்சம் ஒரே ஒரு சீட்டு. பிரித்தேன். வண்டிப் படத்துக்குப் பக்கத்தில் அழகான சிலுவைக் குறி. அதற்குக் கீழே, சுழித்துச் சுழித்து, ஒரு கையெழுத்து.

யாருடைய கையெழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. லூர்துநாதன். மேலத்தெருக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக சைகோன் வரைக்கும் போய்வந்தவர், என் அண்ணனோடு தினமும் சீட்டாடுகிறவர். அவர் வண்டிக்குப் போட்டிருக்கிறார். மனுஷன் பெயரையும் எழுதித் தொலைத்திருக்கிறார்.

பென்சில் எழுத்து. என் டப்பாவில் ரப்பர் இருந்தது. சீட்டை நான் மட்டுந்தான் பார்த்திருந்தேன். முன்வரிசையில் இருதயமேரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லப் போவதில்லை, என் விரல் அந்த ரப்பரைத் தொட்டது. இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் மரியசெல்வம் வண்டியில் போவார். ஆனால் அதன் பிறகு கீழத்தெருவுக்கு நான் கொடுத்தது ஓட்டாக இருக்காது, என் தயவாகத்தான் இருக்கும். மேலத்தெருக்காரி ஒருத்தி பார்த்துக் கொடுத்த பிச்சை. கையை இழுத்துக்கொண்டேன். ஒரு சீட்டு செல்லாது, ஓட்டுச் சமம் என்று அறிவித்தேன்.

இருதயமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் மேசைக்கு வந்து, செல்லாத சீட்டைக் காட்டு என்றார். மேலத்தெருவில் யாரோ வண்டிக்குப் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குச் சந்தேகம். காட்டினால் லூர்துநாதனை மேலத்தெரு சும்மா விடாது.

"அந்தத் தொட்டியில ஒருத்தர் சொன்ன பாவத்த வெளிய சொல்லுங்கன்னு சாமியார்கிட்ட கேப்பியா அண்ணே? அப்ப என்கிட்டயும் கேக்காத" என்றேன்.

அப்போது பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லூர்துநாதன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"அந்தச் சீட்டு என்னோடதுதான். ஞானஸ்நானத்துக்குச் சாட்சின்னா கையெழுத்துப் போடுறோம், கல்யாணத்துக்குச் சாட்சின்னா கையெழுத்துப் போடுறோம். கோயில்ல பேரில்லாம சாட்சி சொல்றது எனக்குப் பழக்கமில்ல. வண்டிக்குத்தான் போட்டேன்" என்றார்.

பெயர் எழுதக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தேனே, படிக்கவில்லையா என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். கோயிலில் ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷனுடைய நெஞ்சுரத்தைப் பார்த்து அழுகைதான் வந்தது. அன்று முதல் அண்ணன் அவரோடு சீட்டாடவில்லை. என்னோடும் பேசவில்லை.

இன்னும் ஏழு நாள். மரியசெல்வம் அதுவரை தாங்குவாரா என்பதுதான் என் ஒரே கவலை. செவ்வாய்க்கிழமை கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் கீழத்தெருவுக்குப் போனேன். இருதயமேரி வாசலில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நடந்ததெல்லாம் அவருகிட்ட சொன்னேன் டீச்சரம்மா. சிரிக்கிறாரு. டீச்சரம்மா கணக்குல தப்பு விடமாட்டாங்க, அடுத்த ஞாயிறு வரைக்கும் உசுரப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குறேன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு, போன வாரம் வராத எங்கள் சின்னம்மாவைக் கூண்டு வண்டியில் வைத்துக் கூட்டிவந்தார். சின்னம்மா பூட்டுக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். லூர்துநாதன் கண்ணாடியோடு வந்தார். வரிசை முடிகிற நேரத்தில் கீழத்தெருவிலிருந்து நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மரியசெல்வம் அதில் கிடந்தார். அவர்கள் பக்கவாசலுக்குத் திரும்பியபோது சாமியார் போய்ப் பெரிய வாசலின் இரண்டு கதவையும் திறந்தார். உயிரோடு வருகிறவருக்கு எந்த வாசல் என்று எங்கள் வழக்கத்தில் எழுதியிருக்கவில்லை.

கட்டிலைத் தொட்டியோடு ஒட்டி இறக்கித் திரையை அவர்மேல் இழுத்துவிட்டார்கள். இருதயமேரி கூட நிற்கப் பார்த்தாள், தள்ளிப் போகச் சொன்னேன். விதி விதிதான். உள்ளே இருமல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு சிலுவைக் குறி போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது.

எண்ணினேன். பூட்டுக்கு எழுபத்திரண்டு. வண்டிக்கு எழுபத்துமூன்று. எது யாருடைய சீட்டு என்று எனக்குத் தெரியாது. எல்லாச் சீட்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றில் மட்டும் குறி நடுங்கிப் போயிருந்தது.

வியாழக்கிழமை காலை மரியசெல்வம் போய்ச் சேர்ந்தார். மணி அடிக்க ஆள் இல்லாமல் லூர்துநாதனே அடித்தார். சாயந்திரம் சாமியாரும் இருதயமேரியும் கீழத்தெரு ஜனங்களும் வண்டிக் கொட்டகைக்கு வந்தபோது, மேலத்தெரு ஆட்கள் ஆறேழு பேர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஓட்டில் ஜெயித்தது ஒரு ஜெயமா என்று ஒருவன் கேட்டான். கைகலப்பு வந்துவிடும் போலிருந்தது. என் அண்ணன் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் நேராகக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நான் பூட்டுக்குத்தான் போட்டேன். நாளைக்குக் கேட்டாலும் பூட்டுக்குத்தான் போடுவேன். ஆனா எண்ணியாச்சு, தோத்தாச்சு. வழி விடுங்கடா" என்றார்.

அவர்கள் விலகினார்கள். அண்ணன் தன் கையாலேயே பூட்டைத் திறந்து வண்டியை வெளியே இழுத்தார். ஜெயிக்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பது பெரிய காரியமில்லை. மனம் மாறாமலே, தோற்றுப்போய், சாவியோடு வந்து நிற்கிற ஒரு மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் என் அண்ணன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

வண்டி இரண்டடி நகர்ந்ததும் சக்கரம் கிறீச்சிட்டது. இரண்டு மாதமாக எண்ணெய் விட ஆள் இல்லை. விடுகிறவர் பாயில் கிடந்தாரே. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அந்த ஆளு நம்ம அப்பா அம்மாவச் சத்தமில்லாமக் கொண்டுபோனவன். எண்ணெய் எடுத்துட்டு வா சலோமி" என்றார்.

பதினோரு நாள் கழித்து அண்ணன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நான் ஓடிப்போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கொடுத்தேன்.