நூற்றுநாற்பது தோல்விகள்

"தோல்வி என்ற சொல்லையே அறியாத மல்யுத்தச் சக்கரவர்த்தி!" என்று முழங்கிவிட்டு, தமிழ்ச் சங்கத் தலைவர் இந்திரகுமார் நான்காம் தாளைப் புரட்டினார். ஹம்சத்வனி பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் சவப்பெட்டியருகே நின்றாள்.

அப்பா மகேசன் கனடாவில் இருபத்திரண்டு வருடம் தொழில்முறை மல்யுத்தக்காரர். தொழில், தோற்பது. யார் வெல்வது என்பதை முதலாளிமார் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார்கள். அதைச் சனம் நம்பும்படி விழுவது மகேசனின் வேலை. ஓய்வுபெற்று ஒஸ்லோவில் மகளிடம் வந்தபிறகும், அவள் வீடிருந்த ரொம்மன் பகுதியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

முந்தினநாளே அவள் இந்திரகுமாரிடம் கேட்டிருந்தாள். "அப்பா தோத்ததைச் சொல்லுங்கோ, அங்கிள்."

"செத்தவீட்டிலை தோத்த கதையே, பிள்ளை? சங்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கல்லோ!"

இன்னும் இருபது நிமிடத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் அப்பாவின் தொழிலை யாராவது சொல்லியாக வேண்டும். கனடாவிலிருந்து வந்து கடைசி வரிசையை நிறைத்திருந்த பழைய மல்யுத்தக்காரர் எலியாஸை அவள் கைகாட்டி அழைத்தாள். கிழவர் பெட்டியைத் தடவிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"அப்பாவை நூத்திநாப்பது தரம் வெண்டவராம்," என்றாள் ஹம்சத்வனி.

இந்திரகுமார் அவள் காதருகே குனிந்தார். "ஒருக்கா எண்டு சொல்லு, பிள்ளை. மிச்சத்தை விடு."

"இவர் சும்மா தொட்டதுதானாம். பறந்தது முழுக்க அப்பாவாம். ஒருநாளும் இவருக்கு ஒரு கீறல் விழேல்லையாம்," என்று அவள் சத்தமாகவே தொடர்ந்தாள்.

"விழுறதிலை என்ன வித்தை? ஆரும் விழுவினம்!" என்றார் இந்திரகுமார்.

அவள் அதையும் எலியாஸுக்கு மொழிபெயர்த்தாள். எலியாஸ் இரு கையையும் விரித்து, வாருங்கள் என்றார். மேடை என்றால் மறுத்துப் பழகாத இந்திரகுமார் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய் நின்றார். எலியாஸ் ஒற்றை விரலால் அவர் நெஞ்சைத் தொட்டார்.

தலைவர் தவணை முறையில் விழுந்தார். முதலில் ஒரு கை, பிறகு முழங்கால், பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், அதன் பிறகுதான் உடம்பு. மண்டபம் வெடித்துச் சிரித்தது. அழுது கண் வீங்கியிருந்தவர்களுக்கும் அடக்க முடியவில்லை.

"லேசில்லைத்தான்," என்றார் இந்திரகுமார், கிடந்தபடியே. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா யோகராணி முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்தாள்.

"கையை ஊண்டாதேங்கோ, தம்பி. கை முறியும். தலையைக் குனிஞ்சு நாடியை நெஞ்சோடை வைச்சு, முதுகாலை விழவேணும்."

சொல்லிவிட்டு, அவர் மறுபடி விழுவதற்கு இடம் கிடைக்கும்படி தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்துப் போட்டாள்.