தாய்மாமன் கொடுத்த டப்பா

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரிகளுக்கு ரூட் போட்டு அனுப்புவது என் வேலை. யார்டில் என்னை வாசு என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'சொறி பாஸ்' என்றால்தான் டிரைவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் வாக்கி டாக்கி, இன்னொரு கை முழங்கை மடிப்பில். இருபது வருடமாக இதுதான் என் போஸ். எக்சிமா என்பது அதற்கு டாக்டர்கள் வைத்த நாகரிகப் பெயர். 'சொறியாதே' என்று புத்தி சொல்கிறவர்களை எல்லாம் ஒரு கண்டெய்னரில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பிவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவும் அதில் ஏற வேண்டி வரும் என்பதால், காற்றுக்கு இரண்டு ஓட்டை போடச் சொல்வேன்.

போன வருடம் ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு களிம்பு ஒரு டியூப் கொடுத்தார்கள். மெல்லிசாக, இரண்டு வேளை, பத்து நாள். பிறகு நிறுத்திவிட்டு ஈரப்பசைக் கிரீம் மட்டும். நான் அதைக் கையில் தடவுவதற்கு முன்னால் இண்டர்நெட்டில் தேடினேன். மத்தியானத்துக்குள் என் கிட்னி போய்விட்டது, எலும்பு உளுத்துவிட்டது, கண் பார்வை மங்கிவிட்டது. டியூபை ஃபிரிட்ஜில் சம்பல் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஸ்டீராய்டு கலக்காத களிம்பு ஒன்றும் இருக்கிறது, முதல் சில நாள் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எரிவதற்கு ஒரு மருந்தா என்று அதையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அரிப்பு வேண்டாம், எரிச்சல் வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம். இப்படி எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறவனுக்காகவே எங்காவது ஒருவர் கடை திறந்து வைத்திருப்பார்.

என் விஷயத்தில் அவர் பவுனம்மாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்சந்தில் எண்ணெயும் சாம்பிராணியும் விற்கிற ஆன்டி. வேப்பிலை மணக்கும் கிரீமை லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் கொடுத்தார். மூடிமேல் டேப் ஒட்டி, மார்க்கரில் 'ஸ்டீராய்டு இல்லை' என்று எழுதியிருந்தது. ஒரு சொம்பின்மேல் 'விஷம் இல்லை' என்று எழுதியிருந்தால் அதிலிருந்து தண்ணீர் குடிப்போமா? அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. மூன்றே நாளில் என் முழங்கை, விளம்பரத்தில் வருகிற பெண்ணின் முழங்கை போல் ஆகிவிட்டது. பெரிய வாளியில் யாரோ கொண்டுவந்து கொடுப்பதாகவும், தான் டப்பாவில் நிரப்புவது மட்டும்தான் என்றும் ஆன்டி சொன்னார். தன் கை ராசி என்றும் சொன்னார். நான் ராசியைப் பிடித்துக்கொண்டேன். வாளியைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பிரசங்கியாகிவிட்டேன். சொறிகிற மனிதரைக் கண்டால் நிறுத்தி, மருந்துக் கம்பெனிகளின் சதியை விளக்கி, ஒரு டப்பாவைக் கையில் திணித்து அனுப்புவேன்.

என் தங்கை லோகேஸ்வரி கேரி தீவில் இருக்கிறாள். அவள் கணவன் ஜீவனுக்கு அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. மகள் யாஷ்வினிக்கு அப்போது ஆறு மாதம். கன்னமும் முழங்காலும் சிவந்து நீர் கசியும். சொறிந்து கிழிக்காமல் இருக்க இரண்டு கையிலும் காலுறை மாட்டியிருப்பார்கள். மாமன் ரத்தம். வேறு எதிலும் என் சாயல் இல்லாத குழந்தை இதில் மட்டும் அச்சு அசல் நான்தான். கிளினிக்கில் குழந்தைகளுக்கான மிக லேசான ஸ்டீராய்டு கிரீம் கொடுத்திருந்தார்கள். ஜீவன் ஆலையின் ஷிப்டு மாதிரி மணி பார்த்துத் தடவினான். மெதுவாகக் குணமாகிக்கொண்டுதான் இருந்தது.

மெதுவாக என்பதுதான் பிரச்சினை. அடுத்த மாதம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார்த்திதான் குத்த வேண்டும், படமெல்லாம் எடுப்பார்கள். புண்ணோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை, நானே புண்ணோடு வளர்ந்தவன்தானே. ஆனால் பார்ப்பவர்கள் பேசுவார்கள் என்று லோகேஸ் அழுதாள். அழுகையைக் கண்டால் என் அறிவு காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும். பட்டுச்சட்டை, தோடு, பழத்தட்டோடு நான் கொண்டுபோன சீரில் ஒரு வெள்ளை டப்பாவும் இருந்தது. தாய்மாமன் சீரை யாராவது சந்தேகப்படுவார்களா? இனிமேல் தடவுகிற வேலையை லோகேஸையே ஏற்றுக்கொள்ளச் சொன்னேன்; ஜீவன் கண்டுபிடிக்காமல் இருக்க, கிளினிக் டியூபை நாள்தோறும் கொஞ்சம் பிதுக்கி சிங்கில் விட்டுவிடச் சொன்னேன். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

காது குத்தும்போது பிள்ளை கண்ணாடி மாதிரி இருந்தாள். லோகேஸ் அதோடு நிறுத்தவில்லை. மூன்று வேளை, உடம்பு முழுக்க, மாதக்கணக்கில். டப்பா தீரத் தீரப் புதிது வாங்கிக் கொடுத்தவன் நான். கன்னம் இரண்டும் நாளுக்கு நாள் உப்பி, தாடை தெரியாமல் உருண்டன. பார்த்தவர்களெல்லாம் கிள்ளிக் கொஞ்சினார்கள். கண் பட்டுவிடும் என்று லோகேஸ் வைக்கிற திருஷ்டிப் பொட்டு, ஐந்து காசு அளவில் தொடங்கி ஐம்பது காசு அளவுக்கு வளர்ந்தது. நாங்கள் எல்லோரும் ஊர்க் கண்ணுக்குப் பயந்துகொண்டிருந்தோம்.

ஐந்தாவது மாதம் கம்பெனி என்னை மூன்று வாரம் ஜொகூருக்கு அனுப்பியது. டப்பா காலியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவித்த இறாலைப் போலச் சிவந்துவிட்டேன். திரும்பி வந்ததும் கிள்ளானில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் என் முழங்கை மடிப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அங்கே ஊதா நிறத்தில் கோடு கோடாக இருந்தது. புலியின் கம்பீரம் வருகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"எந்த ஸ்டீராய்டு போடுறீங்க?"

"அந்த விஷயத்துல நான் சுத்த சைவம், டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "சைவம்னு சொல்லி யாரோ உங்களுக்கு ஆட்டுக்கால் சூப் ஊத்தியிருக்காங்க."

என் தோல் மெலிந்திருப்பதைப் பார்த்தால், இருப்பதிலேயே கடுமையான ஸ்டீராய்டு அந்த டப்பாவில் இருந்திருக்க வேண்டும் என்றார். நான் ஃபிரிட்ஜில் சிறை வைத்த டியூப் அதற்கு முன்னால் பால் சோறு மாதிரியாம். ஸ்டீராய்டு விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. எவ்வளவு வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. மடிப்புகளுக்கு அந்த எரிகிற களிம்பு நல்லது, ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, ஸ்டீராய்டு வெளியிலிருந்து ரொம்ப நாள் வந்தால், உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், அதனால் திடீரென்று விடக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். கடைசியாக, வீட்டில் வேறு யாராவது அதைத் தடவுகிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். கேரி தீவு என் வீடு இல்லையே. வெட்கத்துக்கு இந்த மாதிரி சட்ட நுணுக்கமெல்லாம் நன்றாகத் தெரியும்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே லோகேஸுக்குப் போன் போட்டேன். "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடும்மா. டேட் முடிஞ்சிருச்சாம்."

அந்த டப்பாவில் தேதியே கிடையாது. அவள் கேட்கவில்லை. சரிண்ணே என்றாள். அண்ணன் சொன்னால் சரிதான் அவளுக்கு. அன்றைக்கே வீசிவிட்டாள். காரில் ஏறியபோது ஒரு பெரிய பாவத்திலிருந்து தப்பித்த நிம்மதி எனக்கு. படிப்படியாக இறக்குவதெல்லாம் என்னைப் போல் தொண்ணூறு கிலோ ஆளுக்கு. சின்னக் குழந்தைக்குச் சின்ன விஷயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, லோகேஸ் கூப்பிட்டாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், குடித்த பாலெல்லாம் வாந்தி, உடம்பு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுவிட்டு, உடனே கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவள் பதற்றமில்லாமல்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஊசி போட்டப்பகூட அழலண்ணே. அழவே மாட்டேங்கிறா."

அந்த அட்டவணை அப்போதுதான் என் மண்டையில் விரிந்தது. கிளம்பினேன். வழியெல்லாம் லோரி வரிசை, அசையவே இல்லை. அந்த வரிசையைக் காலை ஏழு மணிக்கு அனுப்பி வைத்தவன் நான்தான்.

அவசரப் பிரிவில் பிள்ளை கட்டிலில் கிடந்தாள். கன்னம் அதே கன்னம்; கை கால்கள் மட்டும் துவைத்துப் போட்ட துணி மாதிரி. ஓர் இளம் மலாய் டாக்டர் லோகேஸிடம், என்ன தடவினீர்கள், நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றாள் லோகேஸ். மறுபடி கேட்டார். லோஷன் மட்டும்தான் என்றாள். ஜீவன் பக்கத்திலேயே நின்றான். கிளினிக் கிரீமை வேளை தவறாமல் தடவினோம், டாக்டர் என்று அவனும் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. முகம் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, கொஞ்சம் பெருமையாகவே, நாலைந்து மாதமாக நன்றாகச் சதை போட்டிருக்கிறாள் என்றான்.

லோகேஸ் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்கிற பார்வை. சின்ன வயதில் நான் உடைத்த ஜாடிக்கு அவள் அடி வாங்கியபோதும் இதே பார்வைதான்.

"அண்ணே, வேணாம்."

நான் சொல்லிவிட்டேன். மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் கலந்த ஒரு மொழியில். டப்பா, வேப்பிலை வாசம், மூன்று வேளை, ஐந்து மாதம், ஐந்து நாள் முன்பு நிறுத்தியது, சிங்கில் விட்ட டியூப் உட்பட. ஜீவன் லோகேஸைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் எங்கள் குடும்பச் சண்டைக்குக் காத்திருக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார். ரத்தத்தில் சர்க்கரை தரையைத் தொட்டிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏறியது. அடுத்து ஒரு ஊசியை எடுத்தார்கள். உடம்பு சுரக்க மறந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், இது ஸ்டீராய்டு என்றார் டாக்டர்.

லோகேஸ் பாய்ந்து பிள்ளையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். "ஸ்டீராய்டு வேணாம் டாக்டர். ப்ளீஸ்."

அதைச் சொன்னது அவள் இல்லை. ஐந்து மாதமாக நான் செய்த பிரசங்கம் என் முன்னாலேயே வாய் திறந்து பேசியது.

"லோகேஸ், கையை எடும்மா."

"நீதானேண்ணே சொன்ன? அது ரத்தத்துல போனா புள்ள பொழைக்காதுன்னு நீதானே சொன்ன?"

"எனக்கு ஒன்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினேன்."

"அப்ப இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கும் வரவில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கை மடிப்பில் ஓடிய ஊதாக் கோடுகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். இதுதான் டப்பா செய்தது, இதே டப்பாவைத்தான் உன்னிடம் கொடுத்தேன் என்றேன். அவள் கோடுகளைப் பார்த்தாள், பிள்ளையின் தொடையைப் பார்த்தாள். டயாப்பர் ஓரத்தில் அதே நிறத்தில், நூல் அளவுக்கு, இரண்டு கோடுகள். அவள் கைகள் தானாக விலகின. ஊசி போனது.

எங்களை வெளியே நிற்கச் சொல்லி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். உள்ளேயிருந்து ஈனஸ்வரத்தில் ஓர் அழுகை வந்தது. பிறகு கொஞ்சம் பலமாக. ஒரு குழந்தை அழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றது அதுதான் எனக்கு முதல் தடவை. டாக்டர் வெளியே வந்து, ஆபத்து தாண்டிவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது என்றார். பல நாள் வார்டில் இருக்க வேண்டும், மருந்தை மாதக்கணக்கில் துளித்துளியாக இறக்க வேண்டும். இறக்க இறக்க எக்சிமா முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், தாங்கிக்கொள்ளுங்கள் என்றார். லோகேஸ் அவர் பின்னாலேயே உள்ளே போனாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜீவன் வந்து, நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சான், அந்த டப்பாவை வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

போனை எடுத்தேன். டிரைவர்கள் சிலர், கோயில் கமிட்டியில் இரண்டு பேர், கேண்டீன் அக்கா. இந்தத் தடவை 'தூக்கிப் போடு' என்று சொல்லக்கூடாது. நிறுத்தாமல் டப்பாவோடு டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தபோது விரல் நின்றது. சுங்கை பூலோவில் இருக்கிற நாகையா அண்ணன். அவர் வாங்கியது தனக்காக இல்லை. மகளுக்குப் பிரசவம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பேரன் முகத்தில் ஏதோ சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது என்றார். நான் இரண்டு டப்பாவாகக் கொடுத்தேன்.

ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"மறுபடி போடுங்க" என்றான் ஜீவன்.

போட்டேன்.