ஸ்டூலுக்குப் பேரம்

மதுரை சிம்மக்கல்லில் இருந்த அந்த ஜவுளிக்கடைக்கு நாலு மாடி. நாலு மாடியிலும் வேலை பார்க்கிற பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சோதனைக்குத் தொழிலாளர் துறை ஆபீசர் வருகிறார் என்று தெரிந்த அன்று முதலாளி சூரியபிரகாஷ் புது ஸ்டூல்களாக வாங்கிப் போட்டார். ஆபீசர் பார்த்தார், சிரித்தார், காபி குடித்தார், போனார். மறுநாளே ஸ்டூல்கள் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் குடோனுக்கு ஏறிவிட்டன.

மூணாம் மாடியில் பட்டு காட்டுகிற தங்கப்பொண்ணு காலையில் இடது காலில் பாரத்தைப் போடுவாள். மதியம் வலது காலுக்கு மாற்றுவாள். சாயங்காலம் இரண்டு காலும் யாருடையதோ போலிருக்கும். அலமாரியில் சாய்ந்தால் போதும், மேலே ஸ்பீக்கர் கரகரக்கும்: "மூணாம் மாடி, ஓரத்துல சாயாத."

பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் முதலாளிக்குக் கிடையாது. கீழே கல்லாவில் இருந்தபடி கேமராவில் பார்ப்பார். கேமரா உத்தரத்தில் இருந்ததால், அவரைப் பொறுத்தவரை பணியாளர்கள் என்பது வகிடும் கொண்டையும் மெரூன் கலர் சேலையும்தான்.

போன வாரம் சரண்யாதேவி தலை சுற்றிச் சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் அஞ்சு மாசம். ஸ்பீக்கர், இன்னொரு தடவை உட்கார்ந்தால் மறுநாள் வரவே வேண்டாம் என்றது. அவள் புருஷன் கை ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். வேலையை விடவும் முடியாது, நிற்கவும் முடியாது. தங்கப்பொண்ணு கீழே போய் சரண்யாதேவிக்காவது ஒரு ஸ்டூல் தரச் சொல்லிக் கேட்டாள். முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாப்போம், மேல போ" என்றார். அன்று முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடித்த சேலையையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

அந்த நேரத்தில்தான் டி. கல்லுப்பட்டியில் இருந்து அண்ணன் நல்லகாமன் போன் போட்டார். மகள் மீனாவுக்கு முகூர்த்தப்பட்டு எடுக்கணும், எந்தக் கடைக்கு வர என்று கேட்டார். தங்கப்பொண்ணு கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க கடைக்கே வாங்கண்ணே. வியாழக்கிழமை எனக்கு லீவு. கடை தொறக்கும்போதே உள்ள நுழையணும். நான் எந்திரிக்கச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

சூரியபிரகாஷ் எதற்கும் அசையாதவர்தான், போணி ஒன்றைத் தவிர. முதல் கிராக்கி வெறுங்கையோடு படி இறங்கினால் அன்றைய வியாபாரம் விளங்காது என்பது அவருடைய அப்பா காலத்து நம்பிக்கை. அதனால் முதல் ஆளை எந்த மாடியானாலும் அவரே கூட்டிப் போய், பில் போடும்வரை கூடவே நிற்பார்.

வியாழக்கிழமை வேனில் வந்து இறங்கிய சனத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நடுவில் அரக்குப் பட்டும் மல்லிகைப்பூவுமாக நின்ற தங்கப்பொண்ணைத்தான் பெரிய கை என்று எடை போட்டு, மூணாம் மாடிக்கு அவரே கூட்டிப் போனார். "வாங்கம்மா, வாங்க. மெத்தையில நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார்.

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். கடைக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்த மெத்தையைத் தட்டி விரித்திருக்கிறாள், அதன் மேல் உட்கார்ந்ததில்லை. எதிரே சரண்யாதேவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காபி வந்தது. சேலைகள் மலையாகக் குவிந்தன. அதைக் காட்டுங்க தம்பி, இதைக் காட்டுங்க தம்பி என்று தங்கப்பொண்ணு வேலை வாங்கினாள். முதலாளி இடது காலில் நின்றார். பிறகு வலது காலுக்கு மாறினார். கைக்குட்டை கழுத்துக்குப் போனது. மாம்பழக் கலர் ஒன்று மீனாவுக்குப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று ஒதுக்கிய பச்சையைப் பழக்க தோஷத்தில் தங்கப்பொண்ணு எடுத்தாள், ஓர் உதறு உதறினாள், முந்தி வெளியே தெரிய மடித்து அடுக்கினாள்.

அந்த உதறலை அவர் கேமராவில் ஆயிரம் தடவை பார்த்தவர். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வகிட்டைப் பார்த்தார்.

"நீ... இங்க வேலை பாக்குற ஆளுல்ல?"

"நேத்து வரைக்கும் பாத்தேன். நாளைக்கும் பாப்பேன். இன்னைக்கு நான்தான் போணி, தம்பி."

மெத்தை முழுக்க சனம். கல்லா இன்னும் காலி. பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாண ஜவுளிக்குக் கடை சார்பில் வெள்ளிக் குத்துவிளக்கு அன்பளிப்பு உண்டு என்றார்.

"விளக்கு வேணாம். குடோன்ல கெடக்குற ஸ்டூலு அம்புட்டையும் எறக்கி, மாடிக்கு மாடி போடுங்க. அதுதான் எங்களுக்கு அன்பளிப்பு."

"அது கடை விவகாரம்."

"அப்ப சேலையும் கடையிலயே இருக்கட்டும்" என்றாள். நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். எதிர்க் கடையும் தொறந்துட்டான் போலயே என்று பொதுவாகச் சொன்னார். மீனா மாம்பழக் கலரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தை முறைத்ததும் விட்டாள்.

முதலாளி படிக்கட்டைப் பார்த்தார். சனம் எழுந்திருக்கத் தயாராக இருந்தது. ஸ்டூல்கள் இறங்கின. ஒவ்வொரு மாடியிலும் போட்டாயிற்று என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் பில் போட்டார்கள்.

மறுநாள் தங்கப்பொண்ணு மெரூன் சேலையில் வந்தாள். ஸ்டூல்கள் இருந்தன. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் கேமராவையே பார்த்தார்கள், ஒருத்தியும் உட்காரவில்லை. தங்கப்பொண்ணு உறையைக் கிழித்தாள். சரண்யாதேவியைத் தோளில் அமுக்கி உட்கார வைத்தாள். இன்னொன்றை இழுத்துத் தானும் உட்கார்ந்தாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"மூணாம் மாடி. உக்காந்துருக்கது யாரு?"

அவள் கொண்டையை அல்ல, முகத்தை நேராகக் கேமராவுக்குத் தூக்கினாள்.

"தங்கப்பொண்ணு, மொதலாளி. பக்கத்துல சரண்யாதேவி. இன்னும் போணி ஆகல. ஆள் வந்ததும் எந்திரிக்கிறோம்."